முட்டு விளையாட்டு

குழந்தைகளின் மண்டையோட்டு எலும்புகள் ஒட்டாமல் தடுக்கும் சொட்டுமருந்தைத் தன் ஆய்வகத்தில் கண்டுபிடித்தவள் சௌந்தரவல்லி. மூளை வளர்ந்துகொண்டே இருக்கட்டும் என்று மகன் இனியனுக்குக் கொடுத்தாள். அவன் மேதையானான். ஆனால் உச்சிக்குழி மூடவில்லை. முப்பது வயதிலும் ஹெல்மெட்டைக் கழற்ற முடியவில்லை.

அதே ஆய்வகத்தில் வருடக்கணக்கில் உழைத்தவன், ஒருநாள் ஹெல்மெட் இல்லாமல் வீட்டுக்கு வந்தான்.

"எலும்பை ஒட்டவைக்க மருந்து கண்டுபிடிச்சுட்டேம்மா. எனக்கு ஒட்டிடுச்சு!"

"மருந்தே இல்லாம ஊர்ல எல்லாருக்கும் ஒட்டுதேடா! இதுக்கா உனக்கு அவ்வளவு மூளை?"

சொட்டுமருந்தே தொடாத அவன் மகள் ஓடி வந்தாள். "அப்பா, இன்னைக்காவது முட்டலாமா?"

குனிந்தான். நங்கென்று முட்டினாள்.

"இன்னொரு தடவை முட்டுப்பா, இல்லேன்னா கொம்பு முளைச்சிடும்!"

மேதை அதை அப்படியே நம்பி, அவசரமாக மறுபடி குனிந்தான்.