முதல் பக்கம்

"இன்னும் ரெண்டாவது இடம்தானாம்மா? நமக்கு மேல ஏறி உட்கார்ந்திருக்கானே, அவனை எப்பத்தான் இறக்கப் போறீங்க?"

லாரி டிரைவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். கிடங்கில் சரக்கு இறங்கிக்கொண்டிருக்கும்போதே வண்டியை விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார்.

மருந்துக்கடை மாடியில் இணையதளங்கள் அமைத்துக் கொடுக்கும் அந்தப் பெண், திரையை அவர் பக்கம் திருப்பினாள். டிரைவரின் மகள் வீட்டிலேயே வாசனை மெழுகுவர்த்தி செய்து விற்கிறாளாம். அதற்காகத்தான் இந்தத் தளம். மகளின் பெயரே, இனிஷியலோடு, கடையின் பெயர்.

"அண்ணா, திரும்பவும் சொல்றேன். இது தேடுபொறியே குடுக்குற கணக்கு. எந்தச் சொல்லைத் தட்டினா நம்ம சைட் வருது, எத்தனாவதா வருதுன்னு காட்டும். மெழுகுவர்த்தின்னு தேடுறவங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க. அதுல நாம எங்கேயோ கடைசியில கிடக்கோம். முதல்ல அதுல மேல வருவோம்."

"அது கிடக்கட்டும்மா. பொண்ணு பேரைத் தட்டினா நாமதான் வரணும்."

"பேரை யாருண்ணா தேடப் போறாங்க? மேல நிக்கிறது ஏதோ பழைய செய்தி. அதே பேர்ல வேற யாரோ. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே."

"அது எதுக்கு நமக்கு மேல நிக்கணும்?" அவர் எழுந்தே விட்டார். "ஒரு சைட்டோட நிறுத்தாதீங்க. வீடியோ, படம், பேட்டி, எங்கே பார்த்தாலும் அவ பேரு வரணும். பெரிய கம்பெனி ஒண்ணுல பேசியிருக்கோம். மாசக் கடைசியில முடிவு சொல்வாங்க. அதுக்குள்ள கண்டிப்பா தேடிப் பார்ப்பாங்க."

"பெரிய ஆர்டரா?"

"பெரிசுதாம்மா."

மகள் பெயரை ஊர் உலகமே பார்க்க வேண்டும் என்று துடிக்கிற அப்பா. அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் பெயர் கொடுத்தாள், வீடியோக்களுக்குத் தலைப்பு மாற்றினாள், மகளைப் பற்றித் தனிப் பக்கங்கள் எழுதினாள்.

அவர்தான் நிம்மதியாக இருக்க விடவில்லை. நெடுஞ்சாலை ஓரத்திலிருந்தும் டீசல் போடும் இடத்திலிருந்தும் போன் வரும். ஹாரன் சத்தத்துக்கு நடுவே ஒரே கேள்வி: "இப்ப எங்கே இருக்கு?"

"கணக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் வரும்ணா."

"ரெண்டு நாளா!" என்று அங்கே ஒரு பெருமூச்சு கேட்கும்.

ஒருநாள் அவளே கூப்பிட்டாள். "அண்ணா, நல்ல சேதி. இந்த வாரம் யாரோ உங்க பொண்ணு பேரைத் திரும்பத் திரும்பத் தேடியிருக்காங்க."

மறுமுனையில் வண்டி பிரேக் போட்டு ஓரங்கட்டும் சத்தம் கேட்டது. "யாரு? எங்கேருந்து?"

"ஆளையெல்லாம் காட்டாதுண்ணா. சந்தோஷப்படுங்க, கிராக்கி வருது."

அன்று மாலையே படியேறி வந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் பெயரைத் தட்டிக் காட்டினாள்.

"பாருங்க, முதல் பக்கம் முழுக்க நீங்கதான். சைட், வீடியோ, பேட்டி, எல்லாம் நம்மது. இனிமேலாவது ராத்திரி தூங்குங்க."

அவர் முகம் மலரவில்லை. விரலால் திரையைக் கடைசி வரி வரைக்கும் தடவிக்கொண்டே போனார். "அடுத்த பக்கம் போங்கம்மா."

தள்ளினாள். நடுவில் எங்கேயோ அந்தப் பழைய செய்தி கிடந்தது. 'நகைக்கடையில் திருட்டு: பெண் ஊழியர் கைது.' அதையே பார்த்தபடி அவர் நாற்காலியில் சாய்ந்தார். ஆடிக்கொண்டே இருந்த கால் நின்றது.

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "மெழுகுவர்த்தி எத்தனை வித்ததுன்னு ஒரு வார்த்தை கேட்கல. எவளோ ஒருத்தி திருடி மாட்டினதை இந்தப் பார்வை பார்க்குறீங்க. அவளுக்கும் உங்களுக்கும் என்னண்ணா சம்பந்தம்?"

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"என் பொண்ணு திருடலைன்னு கோர்ட்டு எப்பவோ விட்டுடுச்சும்மா, இதுதான் விடாம இருந்தது."