பன்னிரண்டாவது நூல்

தன்னோடு தமிழ்ச் சிறப்புப் பட்டம் பெற்றவர்கள் எழுதிய நூல்களைக் கண்காட்சிக்காக மேசையில் அடுக்கினாள் விரிவுரையாளர் பிரியாந்தினி. பதினொரு நூல்கள் இருக்க வேண்டும். பன்னிரண்டு இருந்தன.

பன்னிரண்டாவது, கோகிலவாணியின் கவிதைத் தொகுப்பு. இந்த ஆண்டுதான் அச்சாகியிருந்தது. கோகிலவாணியோ பட்டம் பெற்ற மறுமாதமே டெங்குக் காய்ச்சலில் இறந்துபோனவள். பதினைந்து வருடங்கள் ஆகிவிட்டன. பின்னட்டைப் படத்தில் அவளுக்கு நாற்பது வயது இருக்கும்; காதோரம் நரைத்திருந்தது.

மகளின் கூட்டாளிகளுடைய புத்தகங்களைப் பார்க்க கோகிலவாணியின் அம்மா திகனவிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் கண்ணில் படக்கூடாதென்று பிரியாந்தினி அந்த நூலை எடுத்தபோது, அம்மா வாசலில் நின்றார்.

"அம்மா, இது எப்பிடி வந்ததெண்டு எனக்குத் தெரியாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அம்மா நூலை வாங்கிப் படத்தை விரலால் தடவினார். அழவில்லை.

"காதுகிட்ட நரைச்சிருச்சுடின்னு சொன்னா நம்பவே மாட்டேங்கிறா," என்று சிரித்தார். "இத வீட்டுக்குக் கொண்டுபோய் அவகிட்ட காட்டவா மிஸ்?"

பிரியாந்தினி தலையசைத்தாள்.

வெளியே தூறல் தொடங்கியிருந்தது. நூல் நனையாமல் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, அம்மா திகன பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தார்.