ஒரு ஆளுக்குத் தாராளம்

ஜீவனாம்சத்தைக் குறைக்கச் சொல்லி மனு போடுகிறவர், எவ்வளவு போதும் என்கிறாரோ அதை வைத்துத் தானே ஒரு மாதம் வாழ்ந்து காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் குடும்ப நீதிமன்றம் விசாரிக்கும். "ஒரு ஆளுக்கு ஐயாயிரம் தாராளம்" என்று எழுதிக் கொடுத்த சற்குணனுக்கும், வங்கிக் கணக்கில் ஐயாயிரத்தை விட்டுவிட்டு மீதியை முடக்கிவிட்டார்கள். ஐயா அதை ஒரே வாரத்தில் பிரியாணியாகத் தின்று தீர்த்தார். பிறகு, விவாகரத்து செய்த பூங்கோதையின் வாசலிலேயே வந்து நின்றார்.

"பசிக்குதுடி."

"டி போடுற உரிமையெல்லாம் கோர்ட்லயே முடிஞ்சுபோச்சு. உள்ள வந்து உட்காரு."

தனக்கென்று வைத்திருந்த சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும் அப்படியே தட்டில் கொட்டினாள். ஒரு வார்த்தை, நீ சாப்பிட்டியா என்று கேட்கவில்லை அந்த மனுஷன். விரலைக்கூட விடாமல் நக்கிவிட்டுக் கை கழுவப் போனான்.

காலிச் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தவளின் காதில், அவன் கைக்கடிகாரத்தில் வக்கீலைக் கூப்பிட்டுக் குசுகுசுப்பது விழுந்தது.

"சார், நல்ல பாயிண்ட் ஒண்ணு கிடைச்சிருக்கு. இன்னொரு ஆளுக்குச் சோறு போடுற அளவுக்கு அவகிட்ட மிச்சம் இருக்கு."