இடைவேளைக் குடும்பம்

இடைவேளை விட்டும் ஒருவர்கூட டீ குடிக்க எழுந்து போகவில்லை.

தாடிக்கொம்பு ரோட்டில் கூடாரம் போட்டிருந்த டூரிங் டாக்கீஸில் மூன்று மாதமாக இப்படித்தான். படத்தைவிட, இடைவேளையில் திரையில் வரும் கேலிக் குடும்பத்தைப் பார்க்கத்தான் திண்டுக்கல்லிலிருந்து சனம் நடந்து வந்தது.

அந்தக் குடும்பத்தைக் கண்ணாடித் துண்டுகளில் வரைந்தவர் ராயப்பராஜ். சோப்பு விளம்பரமும் பீடி விளம்பரமும் வரைந்துகொண்டிருந்தவர். தொப்பை வைத்த ஒரு கணவன், ஒல்லியாக ஒரு மனைவி. ஐந்தாறு சிலைடுகளை மளமளவென்று மாற்றினால் மனைவியின் கையிலிருக்கும் கரண்டி மேலே போய்க் கீழே வரும். இருவருக்கும் மைக்கில் குரல் கொடுப்பதும் அவர்தான்.

கணவன் ஒவ்வொரு தடவையும் எங்காவது சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்புவான். ஒரு வாரம் ஓட்டுக் கேட்கிறவர்களோடு; ஒரு வாரம் சேவல் சண்டைக்கு. மனைவி கேட்பது ஒரே கேள்வி.

“சோறு இருக்கு. இம்புட்டு நேரம் எங்க போயிருந்தீக?”

அவன் பதில் சொல்லமாட்டான். திருதிருவென்று விழிப்பான். கூடாரமே குலுங்கும்.

கேள்வி ஊருக்குள் போய்விட்டது. பேகம்பூரில், நாகல் நகரில், தோல் பதனிடும் ஷாப்புக்குப் பக்கத்துச் சந்துகளில், வீட்டுக்கு வீடு பெண்கள் அதே குரலில் கேட்டார்கள். ஆண்கள் முதலில் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகும் பெண்கள் பதிலுக்குக் காத்து நின்றதுதான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

நாலு பெரிய மனிதர்கள் சேர்ந்து வந்து, பெண்களுக்கு வாய் நீண்டுவிட்டதாக முதலாளி பீர் முகமதுவிடம் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

பீர் முகமது தன்மையாகத்தான் சொன்னார். இந்த வாரம் மனைவி கணவன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கட்டும், ஒரே ஒரு தடவை, ஊர் வாய் அடங்கிவிடும் என்றார். ராயப்பராஜ் மறுபேச்சில்லாமல் வரைந்து கொடுத்தார்.

இப்போது திரையில் அவள் குனிந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு சிலைடுக்கும் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. பெண்கள் பக்கம் சத்தமே இல்லை.

மன்னிப்பு வசனத்தைச் சொல்ல ராயப்பராஜ் மைக்கை எடுத்தார்.

அதற்குள் பெண்கள் பக்கத்து மணலிலிருந்து ஒருத்தி எழுந்து நின்று அந்தக் கேள்வியைக் கேட்டாள். எழுத்துப் பிசகாமல் கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். அவள் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

ராயப்பராஜுக்கு அந்தக் குரல் தெரியும். நாலு வருஷமாகச் சாணார்பட்டியில் தாய்வீட்டோடு இருந்துவிட்ட அவர் மனைவி, செபாஸ்தியம்மாள்.

கேள்வியும் அவளுடையதுதான். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அவரிடம் கேட்டது. அன்று அவர் வாசலிலேயே நின்றார், பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அது அவர் காதைவிட்டுப் போகவில்லை. நாலு பேர் சிரித்தால் போய்விடும் என்று நினைத்திருந்தார்.

மைக் இன்னும் கையில் இருந்தது.

“சீட்டாடப் போயிருந்தேன், செபஸ்தி. ஆள் விட்டுச் சொன்னாக. நான் எந்திரிச்சு வரல.”

கணவன் ஒருவழியாக வாயைத் திறந்துவிட்டான் என்று கூடாரம் விழுந்து விழுந்து சிரித்தது. பீர் முகமதுகூடச் சிரித்துவிட்டார். செபாஸ்தியம்மாள் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, விளக்குப் போடும்வரை அப்படியே நின்றாள்.

மறுநாள் காலையில் இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள்.

அவர்களுடைய மூன்று வயது மகனுக்கு எல்லோரும் மண் போட்டுவிட்டுத் திரும்பிய பிறகுதான், அவள் அந்தக் கேள்வியைக் கேட்ட அன்று, ராயப்பராஜ் வீடு வந்து சேர்ந்திருந்தார். அதன்பிறகும் இந்தப் பக்கம் வந்ததில்லை. எந்த இடம் என்று அவருக்குத் தெரியாது.

செபாஸ்தியம்மாள் முன்னால் நடந்தாள்.