எஸ்னாத் பாட்டு

"அந்த ஒரு பாட்டை மட்டும் கேக்காதீங்க. வேற எது வேணாலும் பாடுறேன்."

வென்சோ மைக்கிலேயே இப்படிச் சொன்னதும் கல்யாண மண்டபம் முழுக்க முணுமுணுப்பு எழுந்தது.

மணப்பெண்ணின் அண்ணன் கசோண்டேவுக்குச் சுருக்கென்றது. பாட்டுக்காரனை அழைத்து வந்ததே அவன்தான். எண்டோலா நகரம் முழுக்க, 'என் தங்கச்சி கல்யாணத்துக்கு வென்சோ வர்றார்' என்று பெருமையடித்து வைத்திருந்தான். வென்சோ வந்தால் எந்தப் பாட்டு என்று யாரும் கேட்கவேண்டியதில்லை. எஸ்னாத் பாட்டுதான்.

2008இல் அது வந்தபோது கசோண்டே பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். மினிபஸ்ஸில் ஏறினால் அந்தப் பாட்டு, முடிவெட்டப் போனால் அந்தப் பாட்டு, செல்போன் அடித்தால் அந்தப் பாட்டு. சந்தையில் தக்காளி விற்கிற எஸ்னாத், புருஷன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு லாரி டிரைவரோடு சுற்றுகிற கதை. கேட்டவுடன் கால் தானாக ஆடும். அந்த ஒரே பாட்டில் வென்சோவை ஜாம்பியாவுக்கே தெரிந்தது.

பிறகு என்ன வந்ததோ, ஒருநாள் அந்தப் பாட்டை மேடையில் பாடுவதை நிறுத்திவிட்டான். ஜனங்கள் வந்ததே அதற்காகத்தான். கூப்பிடுவதை அவர்களும் நிறுத்திவிட்டார்கள். தலைக்கனம் பிடித்து அழிந்தான் என்று ஊர் பேசியது.

கல்யாணத்துக்குக் கூப்பிட்டபோது போனிலும் அந்தப் பாட்டு வேண்டாம் என்றுதான் வென்சோ சொன்னான். மேடை ஏறி, கைதட்டலைக் கேட்டால் மனசு மாறிவிடும் என்று கசோண்டே நினைத்திருந்தான். மாறவில்லை. வேறு ஏதோ பாடினான். ஒருத்தரும் எழுந்து ஆடவில்லை. பெரிய சித்தப்பா கசோண்டேவைப் பார்த்து, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினார்.

இவன் பாடாவிட்டால் என்ன, ரெக்கார்டு இல்லையா? கசோண்டே போய் டிஜேயின் காதில் சொன்னான்.

முதல் தாளம் விழுந்ததும் மண்டபமே எழுந்துவிட்டது. மணப்பெண் முசோண்டா கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்தாள். மாப்பிள்ளை கபாசோ மட்டும் அசையாமல் நின்றான். வெட்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த அவன் அம்மா, பனா கபாசோ, எழுந்து சமையல்கட்டுப் பக்கம் போனார். பனா கபாசோ என்றால் கபாசோவின் தாய் என்று அர்த்தம். பிள்ளை பெற்றவளைப் பிள்ளையின் பெயரால் அழைப்பதுதான் அங்கே மரியாதை.

எல்லோரும் சேர்ந்து எஸ்னாத்தின் பெயரைக் கத்தும் இடம் வந்தது. வென்சோ மேடையிலிருந்து குதித்தான். ஓடிப்போய் டிஜே மேஜைக்குப் பின்னாலிருந்த ஒயரைப் பிடுங்கி எறிந்தான்.

தூக்கிய கால் தூக்கியபடி எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

கசோண்டே அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வெளியே இழுத்து வந்தான். பட்டப்பகலிலேயே குடித்துவிட்டாயா என்று கேட்டான். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் எங்கள் மானத்தை வாங்கிவிட்டாயே என்று கத்தினான்.

"ஒத்தைப் பாட்டுல பொழைச்ச ஆளு நீ. சோறு போட்ட பாட்டு இப்ப உனக்குக் கசக்குதா?"

"தப்புதான் தம்பி. நான் கிளம்புறேன்" என்றான் வென்சோ. அது கசோண்டேவின் எரிச்சலை இன்னும் கிளப்பியது.

சமையல்கட்டுக் கதவு திறந்தது. பனா கபாசோ வந்தார். கையில் மூடிய தட்டு. கோழிக்குழம்பு வாசம் வந்தது. கசோண்டேவுக்குக் கூசிப்போனது. சம்பந்தியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டான், இந்த ஆளை இப்போதே விரட்டிவிடுவதாகச் சொன்னான்.

அவர் தட்டை வென்சோவிடம் நீட்டினார். வென்சோ முழங்காலை மடக்கி, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"இவனுக்கு எதுக்கும்மா சாப்பாடு? உங்க மகன் கல்யாணத்தையே கெடுத்துட்டான்."

"இவரு மேல எனக்கும் கோவம் உண்டு தம்பி. இன்னும் போகல. ஆனா இன்னிக்கு அந்த மண்டபத்துல எனக்காக எழுந்தது இவரு ஒருத்தருதான்."

"உங்களுக்காகவா?"

"லாரி டிரைவர்னு யாரும் கிடையாது தம்பி. சந்தையில எவனோ வம்பளந்ததை இவரு பாட்டாக்கிட்டாரு. அதைக் கேட்டுத்தான் கபாசோவோட அப்பா எங்களை விட்டுட்டுப் போனாரு. எம் பிள்ளை பின்னாடி பள்ளிக்கூடமே அதைப் பாடிக்கிட்டு வந்துச்சு. உண்மை தெரிஞ்சப்புறம் இவரு எங்க வாசல்ல வந்து மண்டி போட்டாரு. மன்னிப்பு வேணாம், அந்தப் பாட்டை நிறுத்துங்க, ஏன்னு யாருக்கும் சொல்லாதீங்கன்னேன். பொழப்பு போயும் வாயைத் திறக்கல."

கசோண்டே வென்சோவைப் பார்த்தான். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பனா கபாசோன்னே கூப்பிடுறதால என் பேரு உங்க வீட்ல யாருக்கும் தெரியல" என்றார் அந்த அம்மா. "நான்தான் எஸ்னாத்."

உள்ளே யாரோ ஒயரை மறுபடியும் செருகிவிட்டார்கள். நின்ற இடத்திலிருந்தே பாட்டு தொடங்கியது.

இந்த முறை ஓடியது கசோண்டே.