உப்புத் தண்ணீரில் முதலை

ஜம்புலிங்கம் கேள்விப் பெட்டியைத் திறந்தார்.

மெயின்லேண்டில் வாத்தியாராக இருந்துவிட்டு அந்தமானுக்குக் கப்பலேறி வந்தவர். ஜங்லிகாட் வாசகசாலையில் ஞாயிறுதோறும் அறிவியல் கேள்விகளுக்குப் பதில் சொல்வார். நேரம் போதாமல் மிஞ்சும் சீட்டுகளுக்குப் பின்பக்கத்தில் பதில் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு, கேட்டவரிடமே திருப்பிக் கொடுப்பார்.

சந்திரமதி கடைசி பெஞ்சில் இருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் காலி.

போன மாதம் இதே கூடத்தில்தான் அவள் புருஷன் குழந்தைவேலுவுக்கு இரங்கல் கூட்டம் நடந்தது. உப்போடையில் மரக்கட்டைகளைத் தெப்பம் கட்ட இறங்கியவனை முதலை இழுத்துப் போய்விட்டது. கரையில் கிளையில் மாட்டியிருந்த சட்டை மட்டும் வீடு வந்தது.

நாலு பேரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இறங்கிய முட்டாள்தனம் என்றார் அன்று ஜம்புலிங்கம். கூட்டம் தலையாட்டியது. அன்றிலிருந்து தெருவில் செத்தவனுக்குப் பெயரே முட்டாள்தான்.

அந்தச் சொல்லை அழிக்காமல் ஊருக்குக் கப்பலேறுவதில்லை என்றிருந்தாள் சந்திரமதி.

இடி ஏன் மின்னலுக்குப் பின்னால் கேட்கிறது என்று ஜம்புலிங்கம் விளக்கினார். மின்மினி ஏன் சுடுவதில்லை என்று விளக்கினார். மூன்றாவது சீட்டு நாலாக மடிந்திருந்தது.

உப்புத் தண்ணீரில் முதலை இருக்குமா?

படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாகக் கடைசி பெஞ்சைப் பார்த்தார்.

"நல்லாவே இருக்கும்மா. இங்க உள்ள ஜாதி கடலையே நீந்திக் கடக்கும். இத ஒரு வார்த்த முன்னாடியே கேட்டிருந்தா உம் புருஷன் பொழச்சிருப்பான்."

யாரோ சிரித்தார்கள்.

சந்திரமதி எழுந்து நின்றாள்.

"பின்பக்கமும் எழுதியிருக்கு வாத்தியாரே. அதையும் சத்தமா படிங்க."

அவர் சீட்டைத் திருப்பினார். மடிக்கப் போனார்.

முன் பெஞ்சில் இருந்த உதயசூரியன் எழுந்து அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். அதனால் ஒவ்வொரு சொல்லும் எல்லோருக்கும் கேட்டது.

'இருக்காது. முதலை நன்னீரில் மட்டுமே வாழும். அச்சமின்றி இறங்கலாம்.'

கீழே ஜம்புலிங்கத்தின் கையெழுத்து.

தேதி, குழந்தைவேலு சட்டையைக் கிளையில் மாட்டியதற்கு முதல் நாள்.