ஒருநாள் முதலாளி

குலுக்கலில் தன் வீட்டின் பெயர் விழுந்ததும் பேச்சியம்மாள் பட்டுச்சேலை எடுத்துக் கட்டிக்கொண்டாள். முன்பு ஒரு பணக்காரக் குடும்பத்திடமும் பிறகு முகமறியாத கம்பெனியிடமும் கிடந்த ‘வெள்ளாங்குளம் செய்தி’ நாளிதழ் இப்போது ஊருக்கே சொந்தம். தினம் ஒரு வீடு அதற்கு முதலாளி. முதல் பக்கத்தில் முதலாளியின் படம் வரும். செய்தி சேகரிப்பதும் எழுதுவதும் எந்திரத்தின் வேலை. முதலாளி விரும்பினால் ஒரே ஒரு செய்தியை நீக்கலாம். ஆனால் அந்த இடம் வெள்ளையாகவே அச்சாகும்.

மாலையில், குழாயில் தண்ணீர் விடும் நேரத்தில், நாளைய தலைப்பு திரையில் வந்தது: ‘மேலத்தெருவில் தண்ணீர் வராதது ஏன்? குடிநீர்க் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறது கொம்பையா வீடு.’

கொம்பையா அவள் புருஷன்.

"ஏட்டி, அதத் தூக்கிரு! மானம் போயிரும்" என்று பதறினான்.

"வெள்ளையா விட்டா ஊரு ஆளுக்கொரு சேதி எழுதிரும். அதுக்கு இந்த மோட்டாரே தேவல."

‘மோட்டார் கழற்றப்பட்டது’ என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். நடக்காத செய்தியை ஏற்க மறுத்தது எந்திரம்.

"காதுல விழுந்துச்சா? ஸ்பேனர எடுங்க!"

கொம்பையா ஓடினான். மோட்டார் கழன்ற சற்று நேரத்தில் எதிர்வீட்டு ஜெசிந்தா கூவினாள்: "பேச்சியக்கா, எங்க குழாயில தண்ணி வருது!" தெருவெங்கும் குடங்களோடு ஆட்கள் ஓடினார்கள்.

திரையில் தலைப்பு தானாக மாறியது: ‘மேலத்தெருவில் தண்ணீர் வந்தது!’

தொப்பலாக நனைந்து வந்த கொம்பையா கேட்டான்: "என் பேரு போயிருச்சா?"

"கீழ இருக்கு. படம் எடுக்கணும், ஸ்பேனரோட வந்து எம்பக்கத்துல நில்லுங்க."